சனிக்கிழமை ஓவர்டைம்

இருக்கன்குடி மாரியம்மன் என்னிடம் நேரடியாகப் பேசியது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், ஆப்செட் மெஷினுக்குப் பக்கத்தில் வைத்து. சிவகாசியில் ஓர் அச்சகத்தில் நான் மெஷின்மேன். காலண்டர் சீசன் நேரம். முந்தின நாள் ஊற்றிக்கொண்டது இன்னும் மண்டைக்குள் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தது. கலர் பிடிப்பதற்காக மெஷினை ஓட்டி, வந்து விழுந்த தாள்களில் ஒன்றை உருவிப் பார்த்தேன். அம்மன் முகம். மஞ்சள் இன்னும் கொஞ்சம் ஏற வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே, அவள் கன்னத்தின் குறுக்கே கறுப்பு எழுத்துகள் தெரிந்தன. "குடியை நிறுத்த விரும்புகிறீர்களா? எங்களால் முடிந்தது. உங்களாலும் முடியும்." மூக்குத்திக்குக் கீழே ஒரு செல்போன் எண்.

எனக்கும் அம்மனுக்கும் ஏற்கெனவே ஒரு விவகாரம் இருந்தது. போன ஆடியில் சாத்தூர்ப் பக்கம் இருக்கும் அவள் கோயிலுக்குப் போய், இனிமேல் தொடமாட்டேன் என்று மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டு வந்தவன் நான். சில வாரம் அந்தக் கையை உயர்த்திப் பிடித்துக்கொண்டே திரிந்தேன். பிறகு ஒருநாள் கயிற்றைப் பக்குவமாகக் கழற்றி, கண்ணில் ஒற்றி, சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கடைக்குப் போனேன். ஆகவே அவள் கூப்பிட்டு விசாரித்ததில் எனக்கு ஆச்சரியம் இல்லை. 'விரும்புகிறாயா' என்று கேட்காமல் 'விரும்புகிறீர்களா' என்று மரியாதையாகக் கேட்டாளே, அதுதான் என்னை உலுக்கிவிட்டது. தாளைக் கீழே வைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

"என்னய்யா, வேஸ்ட் தாளுக்குக் கும்பிடு போடுறீக?" என்று பக்கத்து மெஷின்காரர் கேட்டார்.

வேஸ்ட் தாள்தான். கலர் சரியாக விழும்வரை மெஷினை ஓட்டிப் பார்க்க நல்ல தாளை எந்த முதலாளியும் கொடுக்கமாட்டார். ஏற்கெனவே வேறு வேலையில் வீணாய்ப்போன தாளைத்தான் திரும்பத் திரும்ப உள்ளே விடுவோம். ஒரே தாளில் புஸ்வாண லேபிள், அதன்மேல் கல்யாணப் பத்திரிகை, அதன்மேல் முருகன் என்று ஒரு சந்தையே நடக்கும். யாரோ அடித்த நோட்டீஸின் வீணான தாளில்தான் என் அம்மன் வந்து இறங்கியிருக்கிறாள். பாதி வாழ்க்கை மெஷினோடு கழித்தவனுக்கு இது தெரியாதா? தெரியும். தெரிந்தும் அந்தத் தாளை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டேன். கட்டுக்கட்டாக வேஸ்ட் கிடக்கும் அச்சகத்தில், அந்த ஒரு தாள் அம்மன் கன்னத்தோடு என் கைக்கு வருவானேன் என்று எனக்குள்ளே வாதம் செய்துகொண்டேன். குடிகாரனின் தர்க்கம் என்றாலும் நல்ல தர்க்கம்.

நிறுத்தியே ஆக வேண்டும் என்பதற்கு வீட்டில் ஒரு காரணம் இருந்தது. என் மனைவி என்னோடு பேசுவதை விட்டுவிட்டாள்.

மல்லாங்கிணற்றில் அவளுடைய அண்ணன் வீடு கட்டிப் பால் காய்ச்சினார். விடியற்காலையில் பசுவும் கன்றும் முதலில் உள்ளே போக வேண்டும், பிறகு மனிதர்கள் போக வேண்டும். நான் அதற்கு முன்பே எங்கேயோ போய் நிறைத்துக்கொண்டு வந்து, புது வீட்டுக்குள் நுழைந்து, சிமெண்ட் தரை குளிர்ச்சியாக இருக்கிறதே என்று படுத்துவிட்டேன். பசுவை உள்ளே ஓட்டிவந்தபோது அது என்னைக் கண்டு வாசலிலேயே நின்றுவிட்டதாம். இழுத்தும் தள்ளியும் பார்த்திருக்கிறார்கள். கடைசியில் என்னைச் சுற்றிக்கொண்டு போக ஒப்புக்கொண்டதாம். சுற்றிப் போகும்போது என் தலைமாட்டில் சாணியும் போட்டது. அது நல்ல சகுனம் என்று ஐயர் சொல்லிப் பார்த்தார். என் மனைவி எதுவும் சொல்லவில்லை. அன்று வாயை மூடியவள்தான்.

மகள் விருதுநகரில் கல்லூரி விடுதியில் இருந்தாள். வீட்டில் நாங்கள் இரண்டு பேர் மட்டும். நடுவில் நின்று சேதி சொல்ல ஆளில்லை. அதனால் அவள் கேஸ் அடுப்போடு பேசினாள். "சோறு ஆறிப்போச்சுன்னா யாரும் எங்கிட்ட கேக்கக்கூடாது" என்று அடுப்பிடம் சொல்வாள். நானும் அடுப்பைப் பார்த்தே "சரி" என்பேன். ஒருமுறை நான் வேலைக்குக் கிளம்பும்போது அவள் தண்ணீர்க் குடத்திடம், "மழை வரப்போகுது, குடை எடுத்துட்டுப் போகட்டும்" என்றாள். குடத்தின் மேல் எனக்குப் பொறாமையாக இருந்தது. முன்பெல்லாம் எதற்கெடுத்தாலும் "ஏங்க" என்று கூப்பிடுவாள். அதை மறுபடி ஒருதடவை கேட்டுவிட வேண்டும் என்பது தவிர அப்போது எனக்கு வேறு ஆசை இல்லை.

அம்மன் தாள் கைக்கு வந்த அன்று மாலையே அந்த எண்ணுக்கு போன் செய்தேன். எடுத்தவர் குரல் கனமாக இருந்தது.

"அம்மன் படத்துல நம்பர் பாத்தேன்" என்றேன்.

"எந்த அம்மன்?"

"இருக்கன்குடி அம்மன்."

"நாங்க வெறும் நோட்டீஸ்தான் அடிச்சோம். அம்மன் எங்கன வந்தா?" என்று தனக்குள்ளே கேட்டுக்கொண்டார். "சரி, வந்தா வந்துட்டுப் போறா. இன்னைக்குக் குடிச்சீகளா?"

"இன்னும் இல்ல."

"அது போதும். சனிக்கிழமை சாயங்காலம் வாங்க. சம்பளம் வாங்குன கையோட நேரா வாங்க. வீட்டுக்குப் போயிட்டு வாரேன், குளிச்சிட்டு வாரேன்னு கெளம்பினீகன்னா, வர மாட்டீக."

இந்தப் பக்கம் பட்டாசு ஆலையானாலும் அச்சகமானாலும் சனிக்கிழமைதான் சம்பள நாள். அன்று மாலை பஸ், வேன், சைக்கிள் எல்லாமே கடைப் பக்கம் தானாகத் திரும்பும். அந்த நேரத்தில் கூட்டம் வைத்திருக்கிறார் என்றால் ஆள் விவரமானவர்தான் என்று நினைத்தேன்.

ஊருக்கு வெளியே, முள்காட்டை ஒட்டி ஒரு பழைய தீப்பெட்டி குடோன். வரிசையாக மூன்று அறைகள், முன்னால் தாழ்வாரம். வாசலில் சிவப்பு வர்ணம் அடித்த வாளிகளில் மண் நிரப்பி வைத்திருந்தது. பக்கத்தில் தண்ணீர் டிரம். உள்ளே போகப்போனவனைத் தடுத்து, போனில் பேசிய அதே கனமான குரல், "தீப்பெட்டி இருக்கா? பீடி? செல்லு?" என்று கேட்டு என் சட்டைப் பையைத் தடவிப் பார்த்தது. செல்போனை ஒரு பெட்டியில் போடச் சொன்னது. செருப்பைக் கழற்றச் சொன்னது. நிலைப்படியில் ஒரு செப்புத் தகடு அடித்திருந்தது. அதைத் தொட்டுவிட்டு உள்ளே போகச் சொன்னது. உடம்பில் ஏறியிருக்கும் மின்சாரம் தரையில் இறங்குவதற்காகப் பட்டாசு ஆலைகளில் வைக்கும் தகடு அது. எனக்கு முன்னால் போனவர் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டதால் நானும் ஒற்றிக்கொண்டேன்.

"இங்கன என்ன, வெடியா செய்யுறீக?" என்றேன்.

"ஆளு கூடுற எடம்னா வாளி வேணும்ல?" என்றார் அவர். கேள்வியே அவருக்குப் புரியவில்லை.

அவர் ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். தலை நரைக்கிறவரை அந்த வேலைதான். அவரும் குடித்து, மீண்டு, இந்தக் கூட்டத்தை ஆரம்பித்தவர். ஒரு கூட்டத்தை நடத்த அவருக்குத் தெரிந்த முறை ஒன்றே ஒன்றுதான். ஆலையில் ஓர் அறைக்கு நாலு பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்பது சட்டம். அதனால் குடியை நிறுத்த வந்தவர்களையும் அறைக்கு நாலு பேராகப் பிரித்து உட்கார வைத்துவிட்டார். கதவுகள் எல்லாம் திறந்திருக்கும். எல்லோரும் வாசலைப் பார்த்து உட்கார வேண்டும். இவர் தாழ்வாரத்தில் நடந்துகொண்டே கூட்டத்தை நடத்துவார்.

குடிநோயாளிகள் கூடி, அவரவர் கதையைச் சொல்லி, அதைக் கேட்டே ஒருவரை ஒருவர் தாங்கிக்கொள்வதுதான் இந்தக் கூட்டத்தின் மொத்த வைத்தியமும். மூன்று அறைகளில் பிரிந்து உட்கார்ந்தால் என்ன ஆகும்? முதல் அறையில் ஒருவர் குரல் தழுதழுக்கத் தன் கதையைச் சொல்லிக்கொண்டிருப்பார். மூன்றாவது அறையிலிருந்து, "கேக்கல, கொஞ்சம் சத்தமா!" என்று குரல் வரும். பாவம், அவர் மறுபடி முதலிலிருந்து, உரத்த குரலில் தழுதழுப்பார். ஒருவர் தன் அப்பா செத்த அன்று குடித்துவிட்டுக் கிடந்ததைச் சொல்லி அழுதார். நடு அறைக்காரர்கள் அதை மூன்றாவது அறைக்கு அஞ்சல் செய்ய, அங்கே அவருடைய மாமனார் செத்துப்போயிருந்தார். அழுதுகொண்டிருந்தவரே அதைக் கேட்டுச் சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். குடிக்காமல் நான் வாய்விட்டுச் சிரித்து எவ்வளவு காலம் ஆகியிருந்தது என்று எனக்கே ஞாபகம் இல்லை.

அங்கே பேர் கேட்பதில்லை. யார் வந்தார்கள், என்ன சொன்னார்கள் என்பது வெளியே போகக் கூடாது. தன்னை அறிமுகம் செய்துகொள்ள "நான் ஒரு குடிநோயாளி" என்று மட்டும் சொன்னால் போதும். புதிதாக ஒருவர் அதைச் சொன்னதும் எல்லா அறைகளிலும் கைதட்டி, "வாங்க, வாங்க" என்பார்கள். எனக்கு அது வாயில் வரவில்லை. என் முறை வரும்போதெல்லாம், "அடுத்த வாரம் சொல்லுதேன்" என்று நழுவினேன். போர்மேனும் வற்புறுத்தியதில்லை. "மருந்து காயாம திரி போடக்கூடாது" என்று தன் தொழிலைச் சொல்லி விட்டுவிட்டார்.

வாயால் சொல்லவில்லையே தவிர, குடியை விட்டிருந்தேன். ஆரம்பத்தில் கை நடுக்கமும் வேர்வையுமாகச் சில நாள் பாடாய்ப்பட்டேன். அரசு ஆஸ்பத்திரிக்குப் போய் மாத்திரை வாங்கி விழுங்கினேன். அதைத் தாண்டியதும் வேறோர் ஆட்டம் ஆரம்பித்தது. காலை என்று ஒன்று இருப்பதையே அப்போதுதான் கண்டுபிடித்தேன். சட்னியில் கடுகு தெரிந்தது. மெஷினில் மெஜந்தா, மெஜந்தாவாகத் தெரிந்தது. இத்தனை காலம் நான் அடித்துத் தள்ளிய சாமிகள் எல்லாம் கொஞ்சம் கள்ளுக் குடித்த நிறத்தில் போயிருப்பார்களோ என்று சந்தேகம் வந்தது. ரோட்டில் எதிரே வருகிறவர்களுக்கெல்லாம் வணக்கம் வைத்தேன். கடன் கேட்கப்போகிறேன் என்று நினைத்துச் சிலர் வேறு தெருவில் திரும்பினார்கள்.

மனைவியிடம் மட்டும் சொல்லவில்லை. கயிறு கட்டிய அன்று அவளிடம் சத்தியம் செய்தேன். அதற்கு முன்பு மகள் தலையில் அடித்துச் சத்தியம் செய்தேன். இன்னொன்றையும் கொண்டுபோய் அவள் முன்னால் வைக்க எனக்குக் கூசியது. இதுவும் உடைந்துபோனால் அவள் அடுப்போடு பேசுவதைக்கூட விட்டுவிடுவாள் என்று பயந்தேன். அதனால், "சனிக்கிழமை சனிக்கிழமை ஓவர்டைம் இருக்கு" என்று கேஸ் அடுப்பிடம் அறிவித்துவிட்டேன்.

கூட்டத்தில் வெள்ளிக்காரர் என்று நான் மனதுக்குள் பேர் வைத்த ஒருவர் இருந்தார். பட்டாசு ஆலையில் அலுமினியப் பவுடரோடு வேலை. தலைமுடி முதல் கால் நகம் வரை வெள்ளி பூசிய சாமி போல வந்து இறங்குவார். குளிக்கலாம் என்று வீட்டுக்குப் போனால் வழியில் கடை இருக்கிறது. ஆகவே கூட்டம் முடிந்த பிறகுதான் அவருக்குக் குளியல். முடிந்ததும் என் டிவிஎஸ் வண்டியில் பின்னால் ஏற்றிக்கொண்டு, கடையைத் தாண்டி அவர் வீட்டு வாசலில் இறக்கிவிடுவேன். கடை வரும்போது என் இரண்டு தோளையும் இறுக்கிப் பிடித்துக்கொள்வார். நானும் வண்டியை முறுக்குவேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை என் மனைவி துணி துவைத்துக்கொண்டிருந்தாள். என் சட்டையை விரித்துப் பிடித்து, தோள்பக்கத்தையே வெகுநேரம் பார்த்தாள். அவளும் பட்டாசுக் கம்பெனியில் பேக்கிங் வேலைக்குப் போகிறவள்.

"ஓவர்டைம் எந்த மெஷின்லயாம்?" என்று சோப்பிடம் கேட்டாள்.

"கட்டிங் மெஷின்ல" என்று நானும் சோப்பிடம் சொன்னேன்.

அவள் சட்டையைத் திரும்ப வாளியில் முக்கினாள். அந்த வாரம் அவள் சரியாகச் சாப்பிடவில்லை என்பதைப் பார்த்தேன். உடம்புக்கு முடியவில்லை போல என்று நினைத்துக்கொண்டேன். அந்த வாரம் நான் இருந்த குஷியில் எனக்கு வேறு என்ன தோன்றும்?

அடுத்த சனிக்கிழமை. இன்னும் வெளிச்சம் இருந்தது. வெள்ளிக்காரர் பேசிக்கொண்டிருந்தார். தான் குடிக்காமல் வீட்டுக்குப் போவதால் நாய் தன்னை அடையாளம் தெரியாமல் குரைக்கிறது என்பதை மூன்று அறைகளுக்கும் கேட்கும்படி உரத்துச் சொல்லிக்கொண்டிருந்தார். அப்போது வெளியே ஜீப் வந்து நின்ற சத்தமும், தடதடவென்று பூட்ஸ் சத்தமும் கேட்டன. "எவனும் அசையக்கூடாது!" என்று யாரோ கத்தினார்கள்.

எங்கள் போர்மேனுக்கு அதெல்லாம் காதில் விழவில்லை. ஆலையில் ஆபத்து என்றால் என்ன செய்ய வேண்டும் என்பது அவர் ரத்தத்தில் இருக்கிறது. "முண்டாதீக! கதவுக்கு நேரா வெளிய வாங்க! ஓரத்து ஆளு வாளியைத் தூக்குங்க!" என்று அவர் ஒரு சத்தம் போட்டார். நாங்கள் மூன்று கதவுகளிலும் ஒரே நேரத்தில் வெளியே பாய்ந்தோம். ஓரத்து ஆள் நான்தான். வாளியைத் தூக்கி, எதன்மேல் கொட்டுவது என்று தெரியாமல், எதிரே தெரிந்த செருப்புக் கால்களின் மேல் மொத்த மண்ணையும் கொட்டினேன். அவை துணைத் தாசில்தாரின் கால்கள்.

லைசென்ஸ் இல்லாமல் வீட்டிலும் குடோனிலும் கள்ளத்தனமாக வெடி சுற்றுகிறவர்கள் இந்தப் பக்கம் உண்டு. அப்படி நடக்கிறது என்று தகவல் வந்தால் அதிகாரிகள் போலீஸோடு வந்து இறங்குவார்கள். துணைத் தாசில்தார் காலை உதறிக்கொண்டு சுற்றிலும் பார்த்தார். மண் வாளி, தண்ணீர் டிரம், செப்புத் தகடு, கழற்றிப் போட்ட செருப்புகள், அறைக்கு நாலு பேர், நட்ட நடுவில் பளபளவென்று வெள்ளிக்காரர். சந்தேகப்பட அவருக்கு இனி எதுவும் மிச்சமில்லை.

"இங்கன என்ன வேலை நடக்குது?" என்று போர்மேனைக் கேட்டார்.

"அதைச் சொல்ல முடியாது சார்."

"இவுங்கள்லாம் யாரு?"

"அதைச் சொல்லவே கூடாது சார்."

"பேரு?"

"இங்கன பேரு கேக்குற வழக்கம் இல்ல சார்."

"யோவ், உள்ள தூக்கி வச்சுருவேன். சரக்கு எங்கனய்யா?"

"சரக்குதான் சார் இங்கன ஆகாது" என்றார் போர்மேன் பரிதாபமாக.

போலீஸ்காரர்கள் எங்கள் பைகளைக் கவிழ்த்தார்கள். சாத்தூர்ச் சேவு, கருப்பட்டி மிட்டாய், டீ பிளாஸ்க், ஒருவருடைய துவைத்த வேட்டி. எதற்கு இத்தனை இனிப்பு என்று ஒரு போலீஸ்காரர் மிரட்டினார். குடியை விட்டவன் நாக்கு இனிப்புக்கு எப்படி அலையும் என்பதை அவருக்கு யார் சொல்வது? யாரும் வாய் திறக்கவில்லை. வெடிமருந்துச் சட்டத்தில் உள்ளே போனாலும் போவோமே தவிர, குடியை விடுவதற்கு வந்தோம் என்று ஊர் முன்னால் சொல்லமாட்டோம் என்று நின்றோம். இதற்குள் ரோட்டில் போனவர்கள், வேனில் வந்தவர்கள் எல்லோரும் கூடிவிட்டார்கள்.

அந்தக் கூட்டத்தில், ஜீப்பின் கதவைப் பிடித்துக்கொண்டு என் மனைவி நின்றாள்.

வேலைக்கு உடுத்திய சேலையோடு, முடியில் பேக்கிங் தாள் தூசியோடு அப்படியே வந்திருந்தாள். எத்தனையோ தடவை என்னால் அவள் முகம் தெருவில் தொங்கியிருக்கிறது. அப்போதெல்லாம் அதில் இருந்தது வெறுப்பும் அவமானமும். அன்று இருந்தது பயம். உயிர்ப் பயம். அது எதற்கென்று எனக்குப் புரியவில்லை, ஆனால் அதைப் பார்த்துக்கொண்டு என்னால் நிற்க முடியவில்லை.

"சார்" என்றேன். மூன்றாவது அறைக்கும் கேட்க வேண்டும் என்ற பழக்கத்தில் பெருங்குரலாக வெளியே வந்தது. "நான் ஒரு குடிநோயாளி! இங்கன வந்ததுலேருந்து குடிக்கல!"

போர்மேன் கைதட்டினார். புதிதாகச் சொன்னவருக்குக் கைதட்ட வேண்டுமே! வெள்ளிக்காரர் தட்டினார், பொடி பறந்தது. எல்லோரும் தட்டி, "வாங்க, வாங்க" என்றார்கள். என்னவென்று தெரியாமலே ஒரு போலீஸ்காரரும் தட்டிவிட்டு நிறுத்திக்கொண்டார். அதன்பிறகு யாரையும் பிடித்து நிறுத்த முடியவில்லை. "சார், நானும்!" "நானும் சார்!" என்று ஆளாளுக்கு முன்னால் வந்து துணைத் தாசில்தாரிடம் ஒப்பித்தார்கள். ஒருவர் தன் அப்பா கதையையே ஆரம்பித்துவிட்டார். "போதும்யா, போதும்" என்று துணைத் தாசில்தார் பின்னால் பின்னால் போய் ஜீப்பில் சாய்ந்தார்.

அப்புறம் வந்ததற்கு மரியாதையாக மூன்று அறைகளையும் பார்த்தார். தகட்டைத் தொட்டுப் பார்த்தார். "லைசென்ஸ் வாங்குன கம்பெனியில கூட இம்புட்டு ஒழுங்கா நான் பாத்ததில்ல" என்றார். போர்மேன் நெஞ்சு நிமிர்ந்தது. "ஆனா ஒரு பொம்பளை போன் பண்ணி, என் வீட்டுக்காரரு இங்கன கள்ள வெடி செய்யுறாருன்னு அழுதுச்சே" என்றார் துணைத் தாசில்தார்.

"நான்தான் சார் பண்ணேன்" என்றாள் என் மனைவி.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேராக என்னிடம் வந்தாள்.

"ஏங்க" என்றாள்.

காதில் விழுந்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவ்வளவு பேர் முன்னால், போலீஸ் முன்னால், பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

"ஏங்க, கிறுக்குப் பிடிச்சிருக்கா ஒங்களுக்கு? என்ன சிரிப்பு? சட்டையில அலுமினியப் பவுடரைப் பாத்ததுலேருந்து நான் ஒரு வாய் சோறு தின்னேனா? ஓவர்டைமாம், கட்டிங் மெஷினாம்! குடிச்சீகன்னா எந்த வாய்க்கால்ல கெடந்தாலும் ஆளா வீடு வந்து சேருவீக. அங்கன ஒண்ணு வெடிச்சா நான் எதைப் பொறுக்கிட்டு வந்து நீங்கன்னு அழுவேன்? இன்னைக்கு வேன்ல வாரப்ப இந்தக் குடோன் வாசல்ல ஒங்க வண்டியப் பாத்ததும், செயில்ல கெடந்தாலும் உசுரோட கெடக்கட்டும்னுதான் போன் பண்ணேன்."

அவளோடு ஒரே வேனில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த ஒருத்தி அப்படித்தான் போனாள். வீட்டுக்குள் வைத்து வெடிக்குத் திரி போட்டபோது. இவள் போய்ப் பார்த்துவிட்டு வந்து இரண்டு நாள் கையைக் கழுவிக்கொண்டே இருந்தாள். எனக்கு அது நினைவுக்கு வந்ததும் சிரிப்பு நின்றுபோனது.

"நல்ல எடத்துக்குத்தான வாரீக, அதை எங்கிட்ட சொன்னா என்ன?" என்றாள்.

"மறுபடி குடிச்சிட்டேன்னா..."

"குடிச்சா குடிச்சேன்னு சொல்லுங்க. கெட்டதையெல்லாம் தெருவே பாக்கச் செஞ்சீக. நல்லதைப் போயி ஒளிச்சு ஒளிச்சு செய்வாகளா ஒரு மனுசன்?"

எல்லா அறைக்காரர்களும் அதற்கும் கைதட்டினார்கள். போர்மேன் அவளுக்கு ஒரு கை சேவு கொடுத்து, அன்றைய கூட்டம் முடிந்தது என்று அறிவித்தார். வெள்ளிக்காரர், தானே நடந்து போய்க்கொள்வதாகச் சொன்னார். போர்மேன் விடவில்லை. துணைத் தாசில்தாரிடம் பேசி, வெள்ளிக்காரரை ஜீப்பிலேயே கடையைத் தாண்டிக் கொண்டுபோய் விட ஏற்பாடு செய்தார்.

என் வண்டியில் அவள் பின்னால் உட்கார்ந்தாள். வண்டி கிளம்பும்போதே அவளும் ஆரம்பித்தாள். சேர்த்து வைத்திருந்தது அத்தனையும் வந்தது. அண்ணன் வீட்டுப் பசு வந்தது, சாணி வந்தது, ஐயர் வந்தார். மஞ்சள் கயிறு வந்தது. மகளுடைய பீஸ் கட்டப்போன இடத்தில் நான் செய்த கூத்து வந்தது. கம்பெனியில் அவளுடைய சூப்பர்வைசர் எப்படிப் பேசுகிறான் என்பதும், போன மாதம் பல்வலியோடு தனியாக ஆஸ்பத்திரிக்குப் போய் வந்ததும், பக்கத்து வீட்டுப் பூனை குட்டி போட்டதும் வந்தன. பல்வலி எனக்குத் தெரியாது. ஒரே வீட்டில் இருந்துகொண்டு தெரியாது. "வலிச்சுச்சா?" என்று திரும்பிக் கேட்டேன். "ரோட்டப் பாத்து ஓட்டுங்க" என்றாள்.

ரயில்வே கேட் அடைத்திருந்தது. இரண்டு பக்கமும் வேன்கள், லோடு லாரிகள், சைக்கிள்கள். நான் என்ஜினை அணைத்தேன். அணைத்ததும் அவள் குரல் மட்டும் தனியாகக் கேட்டது. பக்கத்து வேன் ஜன்னலில் இருந்த பெண்கள் எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். அவள் குரலைக் குறைக்கவில்லை. நான் அவர்களைப் பார்த்து, என் மனைவிதான், என்னைத்தான் திட்டுகிறாள் என்பது போலத் தலையை ஆட்டினேன். ரயில் மெதுவாக வரட்டும், பெட்டிகள் நிறைய இருக்கட்டும் என்று நான் வேண்டிக்கொண்டேன்.

ரயில் போனது. கேட் தூக்கினார்கள். எனக்கு வண்டியைக் கிளப்ப மனம் வரவில்லை. பின்னால் நின்ற லாரிக்காரர் ஹாரனை விடாமல் அடித்தார்.

"போங்க" என்றாள் என் முதுகில் தட்டி. "ஒங்களைத்தான். காது கேக்கலையா?"